ஓவியக் கூடத்தில் ஒரு செத்த வீடு

அருங்காட்சியகத்தில் படங்களை விளக்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். கடைசிச் சோதனையாக, ஒரு படத்தைப் பார்வையாளர்களுக்கு விளக்கிக் காட்டச் சொன்னார்கள். பார்வையாளர்களையும் நாமே கூட்டிவர வேண்டும். ஜெர்மனியில், இந்த டோர்ட்மண்டில் நான் கூப்பிட்டவுடன் வரக்கூடியவர்கள் அம்மாவும் அவருடைய செபக்கூட்டத்து அன்ரிமாரும்தான். எல்லோரும் மன்னார்க்காரர்.

படம் பரோக் காலத்தது. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்தி மாதா அழுகிறார். ஒளி எங்கிருந்து விழுகிறது, உதட்டுக்கு ஏன் சாம்பல் நிறம், பார்க்கிறவரை அழவைக்கவே இத்தனை ஏற்பாடும் என்று டொச்சு மொழியிலும் தமிழிலும் வெளுத்துவாங்கினேன். என்னைச் சோதிக்க வந்த துறைத் தலைவி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

அன்ரிமார் கேட்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உதட்டுக்கு வந்தபோது அம்மா கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்தார்.

“பாவம் மனுசி, ஒரேயொரு பிள்ளை,” என்றார்.

அவ்வளவுதான், வரிசையாக எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வேலை கையை விட்டுப் போகிறது, இவர்கள் மூக்கைச் சீறிக்கொண்டு நிற்கிறார்கள்.

விளக்கம் முடிந்ததும், பக்கத்து அறையில் கேக்கும் கோப்பியும் இருப்பதாகத் தலைவி சிரித்த முகத்தோடு அழைத்தார். ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. அவரைத் திரும்பியும் பாராமல் கதவை நோக்கி நடந்தார்கள். ஓடிப்போய் அம்மாவை மறித்தேன்.

“அம்மா, போட்டு வாறம் எண்டு அவவுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்.”

“உனக்கென்ன விசரே? பிள்ளை செத்து மடியிலை கிடக்குது. செத்த வீட்டிலை ஆரும் போட்டு வாறம் எண்டு சொல்லுவினமே?”

திரும்பி வந்தேன். தலைவியின் முகம் சுருங்கியிருந்தது.

“அவர்களை ஏதும் புண்படுத்திவிட்டோமா?” என்று கேட்டார்.

துக்க வீட்டில் எங்கள் ஆட்கள் விடைபெற மாட்டார்கள், போய் வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். சொல்லும்போதே படத்தின் பக்கம் திரும்பினேன். இரண்டு கிழமையாக உதட்டின் நிறத்தைப் படித்தவள், அந்தத் தாயை அப்போதுதான் பார்த்தேன்.

தலைவி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நடையைக் கட்டினார்.

பின்னால் ஓடி, மின்தூக்கிக்குள் அவரைப் பிடித்தேன். வேலை கிடைக்குமா என்று கேட்டேன்.

அவர் கதவு மூடும்வரை காத்திருந்தார்.

“கிடைத்துவிட்டது,” என்றார். “அதை அங்கே வைத்து எப்படிச் சொல்வது?”