முதுகுப் பக்கத்து ஜிப்

எங்கள் எஸ்தோனியக் கரையில் வைக்கெயிடம் திட்டு வாங்காத ஆம்பிளை எவனும் கிடையாது. படகோட்டி நான் வாங்கியதை எழுதினால் காகிதம் பத்தாது. அப்பேர்ப்பட்ட வாய், புருஷன் எண்டெல் போன நாளிலிருந்து மூன்று வருஷம் மூடிக் கிடந்தது.

விரிகுடாவின் முகப்பில், கடலடியில் ஒரு மூன்று பாய்மரக் கப்பல் நிற்கிறது. ஜார் காலத்துப் புயலில் மூழ்கியது. எங்கள் கடலில் மரத்தைத் தின்னும் புழு இல்லை. சுக்கான் சக்கரம்கூட அப்படியே இருக்கிறது. வலை மாட்டிய இடத்தில் இறங்கிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தவர்கள் எண்டெலும் வைக்கெயும்தான். ரஷ்யக் காவல்படை கரையை விட்டுப் போன மறு கோடை அது. அதுவரை கடலில் கால் நனைக்கவே அனுமதி கேட்க வேண்டும். அடடா, என்ன கோடை! கறுப்பு ரொட்டியும் புகைபோட்ட மீனும்தான் சாப்பாடு. ஆனாலும் ராஜா மாதிரி திரிந்தோம்.

ஆழத்தில் கோடையிலும் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். நீர் புகாத தடித்த உடை இல்லாமல் இறங்க முடியாது. அந்தக் காலத்து உடைக்கு ஜிப் முதுகில், தோளிலிருந்து தோளுக்கு. தன் கையால் மூடிக்கொள்ள வழியில்லை. வைக்கெயின் ஜிப்பை எண்டெல் மட்டும்தான் மூடுவான். மெழுகு தேய்ப்பான், இழுப்பான், முழங்காலை அவள் முதுகில் ஊன்றி இன்னும் ஒரு இழுப்பு இழுப்பான். பிறகு தோளில் இரண்டு தட்டு.

ஒரு வருஷம் இருவருக்கும் பெரிய சண்டை. உருளைக்கிழங்கு நடுவதில் ஆரம்பித்தது என்று கேள்வி. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தார்ட்டு நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். குளிர்காலம் முழுக்கப் பேச்சு வார்த்தை இல்லை. மே மாதம் முதல் படகு கிளம்பும்போது உடையோடு வந்து நின்றாள். ஏறினாள், எண்டெலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"மூடு."

"நானா?"

"பின்ன, கடல்நாய் வந்து மூடுமா?"

மூடினான். தட்டினான். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வீட்டுக்குப் போனார்கள்.

அந்த எண்டெல் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

போன ஆகஸ்டில் வைக்கெ படகுத்துறைக்கு வந்தாள்.

"யூகான், ஒரே ஒரு தடவை இறக்கி விடுறியா? அவனோட கண்டுபிடிச்ச அந்தச் சக்கரத்துக்கிட்ட போய் இனிமே வர மாட்டேன்னு அவன்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். அப்புறம் உடையை வித்துடப் போறேன்."

திட்டு இல்லை, நக்கல் இல்லை. அப்படியொரு அடக்கமான குரல். கடலையும் விட்டுவிட்டால் இவளுக்கு என்ன மிச்சம்? ஆனாலும் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

துணைக்கு இறங்க முக்குளிப்புச் சங்கத்து மாதிஸ் வந்தான். தங்கமான பையன், ஆனால் அவன் உடைக்கு ஜிப் முன்பக்கம். முதுகு ஜிப்பை அவன் தொட்டதே இல்லை. எனக்கோ காற்றில் படகைப் பிடித்து நிறுத்தவே இரண்டு கை போதவில்லை.

"மூடிட்டு தோள்ல ரெண்டு தட்டு தட்டுப்பா, மறந்துடாதே," என்று மட்டும் கத்தினேன்.

அவன் இழுத்தான், தட்டினான். தட்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இருவரும் இறங்கினார்கள்.

நான் ஒரு சிகரெட் முடிப்பதற்குள் மேலே வந்துவிட்டார்கள். வைக்கெயின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. இரண்டு பேருமாகத் தூக்கிப் படகில் போட்டோம். அவள் வாயிலிருந்த காற்றுக் குழாயைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஜிப்பை மூடின லட்சணமாடா இது? முட்டாப் பயலே!"

"கடைசி வரைக்கும் இழுத்தேன் அத்தை..."

"அதுதான் கடைசின்னு எவன் சொன்னான்? முழங்காலை ஊனி இன்னொண்ணு இழுக்கணும்! பாய்மரம் கண்ணுக்குத் தெரியுது, அதுக்குள்ள முதுகுல ஜில்லுன்னு ஊத்துது! நீ என்னடா வேடிக்கை பார்த்த, கிழ எருமை? கண்ணு அவிஞ்சு போச்சா?"

அந்தக் கடைசி வரி எனக்கு. மாதிஸ் என்னமோ சமாதானம் சொல்லப் போனான். "வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கோ, மூணு வருஷத்துப் பாக்கி," என்று அவன் காதில் சொன்னேன். கம்பளியைப் போர்த்தி, கையில் சூடான தேநீரைக் கொடுத்தேன். என் முகம் என்னவோ ஆகிவிட்டது.

"சிரிக்கிறியா?"

"இல்ல வைக்கெ."

அவள் என்னைப் பார்த்தாள். தேநீரைக் குடித்தாள். தண்ணீர் பக்கம் திரும்பினாள்.

"அவன்கிட்ட ஒண்ணும் சொல்லவே இல்லையே," என்றாள்.

"அப்ப?"

"அப்ப என்ன அப்ப? அடுத்த ஞாயித்துக்கிழமை வரணும். டேய் மாதிஸ், இங்க வா."

அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"முழங்காலை எங்க வைக்கணும்னு இப்பவே பார்த்துக்கோ. அடுத்த வாரமும் தண்ணி வந்துது, தொலைஞ்சே நீ."