காளிராஜுக்குக் கேட்ட ஆல்பம்

விருதுநகர் பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி கிளம்பியதும் மிளகாய் வத்தல் குடோன் நெடி ஜன்னல் வழியாக ஏறும். தும்மிக்கொண்டேதான் அந்த வெளிநாட்டு பேண்டின் பாட்டை முதலில் கேட்டோம், நானும் காளிராஜும்.

இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். காலேஜ் முடிந்து சிவகாசிக்குத் திரும்புகிற பஸ். இரண்டு பேருக்கும் ஒரே இயர்போன். இடது அவனுக்கு, வலது எனக்கு. ப்ராக்ரஸிவ் மெட்டல் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதே பிறகுதான் தெரியும். ஒரு பாட்டு பன்னிரண்டு நிமிஷம் ஓடும். தாளம் ஏழாக வரும், திடீரென்று ஐந்தாகும்... விரல் விட்டு எண்ணிக்கொண்டே வருவோம். டிரைவர் போட்ட சினிமாப் பாட்டு ஒரு பக்கம் கத்திக்கொண்டிருக்கும்.

"இந்த எடத்துல ஒரு கிட்டார் அளுவுது பாரு மாப்ள."

"ஒரு மண்ணும் இல்லையேலே."

"ஒன் பக்கம் இருக்காது. இந்தா, இதப் போடு."

மாற்றிப் போட்டால் கேட்கும். அதற்குள் திருத்தங்கல் வந்துவிடும்.

படிப்பு முடிந்ததும் நான் கோயம்புத்தூர் போனேன். பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் லேப். மோட்டார் போடுகிற சத்தத்தை அளந்து, கோளாறு எங்கே என்று சொல்வது வேலை. அவன் வெம்பக்கோட்டைப் பக்கம், மாமாவின் பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தான். செய்கிற சரக்கில் கொஞ்சம் சாம்பிள் எடுத்துக் காட்டுக்குள் வெடித்துப் பார்ப்பார்கள். சரி என்றால்தான் லோடு ஏறும். வெடித்துப் பார்க்கிற ஆள் காளிராஜ்.

அந்த பேண்டுக்கென்று வாட்ஸப்பில் ஒரு க்ரூப் உண்டு. எண்பது பேர், பாதி நம்மூர்ப் பயல்கள்.

போன வருஷம் புது ஆல்பம் வந்தது. நாலு வருஷம் காத்திருந்து வந்த ஆல்பம்... எல்லாம் சின்னச் சின்னப் பாட்டு. அலறல் இல்லை. கிட்டாரை இறக்கி வைத்திருந்தார்கள். ட்ரம்மர் சிம்பலைத் தொட்டதாகவே தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் க்ரூப் இரண்டாகிவிட்டது. ஒரு பக்கம் துரோகம், மறுபக்கம் பக்குவம். ஒருவன் டிபியைக் கருப்பாக மாற்றினான். முதல் பாட்டைக்கூட முடிக்காத ஒருவன் பக்கம் பக்கமாக இரங்கல் எழுதினான். அவனாவது பரவாயில்லை. நான் லேப் சாஃப்ட்வேரில் எட்டுப் பாட்டையும் ஓட்டி, க்ராஃப் எடுத்துப் போட்டேன். கீழ்ச்சத்தம் எல்லாம் இருந்தது, சிம்பல் மாதிரிக் கீச்சென்று வருகிற மேல்சத்தம் இருக்கிற பக்கம் கோடு சரிந்து தரையைத் தொட்டது. "போர்வையப் போட்டு மூடி ரெக்கார்ட் பண்ணியிருக்கானுக" என்று கீழே எழுதினேன். பாராட்டு குவிந்தது.

அதற்குக் கீழே காளிராஜ் எழுதினான். "இவனுக போட்டதுலயே இதுதான் மாப்ள டாப்பு. ரொம்ப நாளைக்கப்புறம் எல்லாமே தெளிவாக் கேக்குது."

தெளிவாகவா? அளந்து கையில் வைத்திருக்கிறேன், இவன் தெளிவு என்கிறான். எனக்குப் பொறுமை என்றைக்கு இருந்தது...

"வெடி போட்டுப் போட்டு ஒனக்குக் காது அவிஞ்சு போச்சுலே. செவிட்டு ரிவ்யூ யாரு கேட்டா?"

சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன. அவன் சண்டை போடவில்லை. க்ரூப்பை விட்டு வெளியேறினான், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது கம்பெனி கேட்டில் போய் நின்றேன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். வேலை முடிந்து வந்து போனை எடுத்தவன் எப்போதும் போலத்தான், "வாலே, சாப்ட்டியா?" என்றான்.

"அன்னைக்கு வெளையாட்டுக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

பர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினான். மதுரையில் காது டாக்டரிடம் எடுத்த டெஸ்ட். ஆல்பம் வருவதற்கு முன்பே எடுத்தது. அந்த மாதிரிக் கோடுகளைப் படித்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். நேராகப் போன கோடு, என் க்ராஃப் சரிந்த அதே இடத்தில், மேல்சத்தப் பக்கம், சரிந்திருந்தது.

"சத்தம் தாக்காம இருக்க, கம்பெனில காதுல மாட்டுறது குடுத்தாகள்ல?"

"குடுத்தாக. மாட்டுனா வேல ஓடாது மாப்ள. சத்தம் எம்புட்டுன்னு மீட்டரு சொல்லிரும். வெடிமருந்து நமத்திருக்கா இல்லையான்னு காதுதான சொல்லணும்."

என்னால் தாளைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

"பளைய ஆல்பமெல்லாம் இப்பப் பாதிதான் கேக்குது" என்றான். "மிச்சத்த ஞாபகத்துல வச்சு ஓட்டிக்கிடுறேன். இது எனக்குன்னே போட்ட மாதிரி இருந்துச்சு."

"என்ட்டயாவது சொல்லிருக்கலாம்லே."

"வீட்டுல பொண்ணு பாத்துட்டிருக்காக. யார்ட்டயும் மூச்சு விடல. ஒன்ட்ட மட்டும் சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீ எம்பது பேருட்ட சொல்லிட்ட."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் எதையாவது திருப்பிச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

அன்றைக்கே என் பதிவை அழித்தேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தவர்கள் அழிப்பார்களா? இன்றும் காளிராஜுக்குப் போன் பண்ணுகிறேன். சீசன் எப்படி, ஆர்டர் எப்படி, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று பேசுகிறோம். பாட்டு அனுப்பினால் கட்டைவிரல் ஒன்று வரும். கேட்டானா என்று தெரியாது. கேட்கத் தைரியமில்லை.

அந்தக் காலத்தில் இந்த பேண்டைக் கேட்க மாவட்டத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான் என்று ஒரு பெருமை. இப்போது எண்பது பேர் இருக்கிறார்கள். ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "இந்த எடத்தப் பாரு" என்று சொல்ல ஆள் இல்லை.

நேற்று க்ரூப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அந்த ஆல்பத்தில் நாலாவது பாட்டு தனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதினார். உடனே வரிசையாக மூன்று பேர் ஸ்டிக்கர் போட்டார்கள். 'செவிட்டு ரிவ்யூ' என்று பெரிய எழுத்தில். யாரோ செய்து வைத்திருக்கிறார்கள்.

இனிமேல் யாரும் இதைப் போடாதீர்கள் என்று எழுதினேன்.

"என்னண்ணே, நீங்கதான ஆரம்பிச்சு வச்சீக" என்று ஒருவன் பதில் போட்டான். கூடவே அதே ஸ்டிக்கர்.