ஆறுதலுக்குச் சொன்னது

பந்தியில் நம் இலையில் ரசத்தைக் கொட்டியவனிடம், "நான்தான் இலையத் தள்ளிப் போட்டுட்டேன்" என்று சொல்கிற ஊர் எங்களுடையது. கேட்கிறவனும் அதை நிஜமென்று எடுத்துக்கொள்ள மாட்டான். சர்க்காருக்கு மட்டும் இந்தப் பழக்கம் தெரியாது.

பிச்சை முகம்மதுவுக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம். தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்பார். ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி சேக் முகைதீனிடம் வண்டியோட்டி. வண்டியும் மாடுகளும் முதலாளியுடையவை. ஆனால் அந்த இரண்டு மாடுகளையும் கன்றிலிருந்து வளர்த்துப் பழக்கியவர் இவர்தான். அவற்றின் மேல் சாட்டை பட்டதே இல்லை. நாக்கைச் சொடுக்கினால் நடக்கும், பெயரைச் சொன்னால் நிற்கும்.

1903 ஐப்பசியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஞ்சுப்பொதி ஏற்றிப் போனார். மடவார் வளாகத்தை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்மாய்க்கரை இறக்கம் ஒரே சேறு. இறங்கினால் சறுக்கும் என்று வண்டியை மேட்டிலேயே ஓரமாக நிறுத்தி, கீழே குதித்து, மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே ஜட்காக் குதிரைவண்டி ஓட்டும் கருத்தையா, சவாரி யாரும் இல்லாமல் வந்தார். இடி ஒன்று விழுந்தது. குதிரை மிரண்டு பாய்ந்ததில், ஜட்கா இவருடைய வண்டிச் சக்கரத்தில் மோதிக் கவிழ்ந்தது. கருத்தையாவின் வலது கை முறிந்தது.

பக்கத்து மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த போலீஸ்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்தார். மோதியதை அவர் பார்க்கவில்லை. பிச்சை முகம்மது தலைப்பாகையை அவிழ்த்து அந்தக் கையைக் கட்டிக்கொண்டே, "எல்லாம் என் தப்பு அண்ணாச்சி, பொறுத்துக்கிடுங்க" என்று அழுததைத்தான் பார்த்தார். பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

பத்து நாளில் சம்மன் வந்தது. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டிக் கையை முறித்த குற்றம்.

"ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிரும் ராவுத்தரே. வழக்காடினா அலைச்சல்தான்" என்றார் சம்மன் கொண்டுவந்தவர்.

சேக் முகைதீன் வேறு மாதிரிச் சொன்னார். "கோர்ட்டுல குத்தவாளின்னு எழுதிட்டா ஒன் கையில எப்படிப்பா வண்டியக் குடுக்கது? சரக்குக்காரன் என்னைய நம்புவானா? வேற ஆளத்தான் போடணும்."

அன்றிலிருந்து பிச்சை முகம்மதுவுக்குச் சோறு இறங்கவில்லை. போகிற வருகிற நேரமெல்லாம் மாட்டுக் கொட்டடியிலேயே நின்றார். மனைவி நூர்னிசாவுக்குப் பொறுக்கவில்லை.

"வண்டி நின்னுக்கிட்டுத்தான இருந்துச்சு? உள்ளதச் சொல்லுங்க."

"சொன்னா குதிரை மேல தப்புன்னு ஆவும். கை ஒடிஞ்சு கெடக்க மனுசன் மேல கேசு போடுவானுவ."

"அப்ப மாடு?"

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டி நின்றது என்று மட்டும் சொல்வது, குதிரையைப் பற்றி வாயே திறப்பதில்லை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு கோர்ட்டு ஏறப் பார்த்த அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமும் பரிதாபமும் சேர்ந்தே வரும்.

விசாரணை நாளன்று குற்றத்தை மறுத்தார். வண்டி நின்றிருந்தது என்றார்.

"பிறகு ஏன் உன் தப்பு என்று சொன்னாய்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"அது ஆறுதலுக்குச் சொன்னது எசமான்."

"அப்படியென்றால் பொய் சொன்னாயா?"

பிச்சை முகம்மது தலையைக் குனிந்துகொண்டார். பொய்யில்லை, உண்மையுமில்லை. இதை எந்த வார்த்தையில் சொல்வது?

கருத்தையாவைக் கூண்டில் ஏற்றினார்கள். கை தூளியில் தொங்கியது. "கண்ணெல்லாம் மழைத் தண்ணி எசமான். வண்டி நின்னுச்சா வந்துச்சான்னு நான் பாக்கல" என்றார்.

"தன் தப்பு என்று இவன் சொன்னானா?"

கருத்தையாவின் முகம் மலர்ந்தது. இவருக்கு நல்லது செய்ய வாய்ப்புக் கிடைத்துவிட்டது என்றே நினைத்தார். "சொன்னாவ எசமான்! ஒரு தடவையா ரெண்டு தடவையா, வைத்தியர் வீடு வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தாவ. அவிய தங்கமான மனுசர். பொய்யே பேச மாட்டாவ."

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். குற்றம் ருசுவாகிவிட்டது. அபராதத்தை முதலாளியே கட்டினார், அதில் குறை வைக்கவில்லை.

வெளியே மரத்தடியில் முதலாளி கூட்டிவந்திருந்த புது ஆள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான். பிச்சை முகம்மது வாசலோடு நின்றுவிட்டார். கருத்தையா பின்னாலேயே வந்து, நல்லாயிருந்த கையால் அவர் தோளைப் பிடித்தார்.

"ஒங்களப் பத்தி ஒத்த வார்த்த கொறையாச் சொன்னனா, பாத்தியளா?"

மாடுகள் நகரவில்லை. சாட்டை விழும் சத்தம் கேட்டது.

"நல்லாத்தான் சொன்னீய அண்ணாச்சி" என்றார் பிச்சை முகம்மது.