அசையாத எண்

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தின் சுவர் விளிம்பில் ஒரு கம்பி. அதன் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. எதிர்க்கரையில் இருக்கும் கருவி அதன்மேல் ஒளியை அடித்து இடத்தை அளக்கும். சுவர் நகர்ந்தால் கண்ணாடியும் நகரும், எண்ணும் மாற வேண்டும். அந்த எண்களைக் கணினியிலிருந்து எடுத்து அச்சடித்துத் தருவதுதான், இரண்டாயிரத்துப் பத்துகளில், நெய்வேலியில் ஒரு காண்ட்ராக்ட் ஆபீசில் எனக்கு வேலை. அந்தச் சுவருக்கு நேர் கீழே பம்ப் ஓட்டிக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர்.

எங்கள் ஆபீசில் அளவு பார்க்கும் சர்வேயர் சார் பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கியவர். இடி இடித்தால் செல்போனை அணைத்துவிடுவார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அந்த ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியும் எண் மட்டும் தினமும் கடைசி இலக்கம்வரை அப்படியே வந்தது. எனக்கு அது மாதா சுரூபத்தைப் பார்ப்பது போல நிம்மதியாக இருந்தது. அவர் முகமோ வெளுத்துப்போயிற்று. "பாறைய அளந்தாக்கூட கடைசி நம்பர் கொஞ்சம் முன்ன பின்ன ஆடும்மா. இது ஆடவே இல்லியே" என்றார்.

கருவியின் திரையைப் போய்ப் பார்த்தார். அங்கே பதிவாகியிருந்த எண் நாளுக்கு நாள் மாறிக்கொண்டுதான் இருந்தது. அது எதிர்க்கரையிலிருந்து உள்ள தூரமல்ல, பூமத்திய ரேகையிலிருந்து எண்ணி வருகிற மீட்டர் கணக்கு, புள்ளிக்கு முன்னாலேயே ஏழு இலக்கம். எங்கள் கணினி நிரலில் ஓர் எண்ணுக்கு ஒதுக்கிய இடம் அதற்கே தீர்ந்துபோனது. மிச்சமிருந்த விரற்கடை நகர்வை விட்டுவிட்டு, அந்த இடத்துக்குள் அடங்குகிற பக்கத்து எண்ணையே நிரல் தினமும் தாளில் எழுதிக்கொண்டிருந்தது. தாளில் புள்ளிக்குப் பின்னாலும் மூன்று இலக்கம் அச்சானதால் அதுவரை எவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"எல்லாரயும் மேல ஏத்துங்க!" என்று சார் போனில் கத்தினார். மற்ற எல்லாரும் ஏறினார்கள். பம்ப் ஷெட்டில் மட்டும் யாரும் போனை எடுக்கவில்லை. எனக்கு மாதாவே மாதாவே என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் சாரின் நாற்காலி காலி. ஜீப் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"மோட்டார் ஓடிக்கினு இருந்துச்சு, போன் எங்க கேக்குது? சோத்தக்கூட எடுக்க வுடல இவரு" என்று திட்டிக்கொண்டே வந்து இறங்கினார் என் வீட்டுக்காரர். சார் சாவியைக்கூட உருவாமல் ஜீப்பை விட்டு இறங்கி உள்ளே போனார். அன்று சாயங்காலம் சுவர் சரிந்தது.

சார் ஊர் மாறிப் போய் வெகுநாளாகிறது. ஷிப்ட் முடிந்து வந்து மத்தியானத்தில் என் வீட்டுக்காரர் அசையாமல் தூங்கினால், இன்றும் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். விழித்துக்கொண்டு திட்டுவார். திட்டட்டும். அந்தக் கண்ணாடி இன்னும் மண்ணுக்கடியில்தான் கிடக்கிறது, அவருடைய சாப்பாட்டுத் தூக்கோடு.