எட்டு வாரத்துப் பிஸ்டன்

ஓவாசோ என்ற அந்தச் சிற்றூரில் வெண்டல் ஹோக்ஸ்ட்ராவைத் தெரியாதவர்கள் குறைவு. கியர் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் லேத் ஓட்டியவர். குருவிக்கு ஒரு கூடு செய்யச் சொன்னால்கூட ஆள் ஏறி நிற்கிற மாதிரிதான் செய்வார். "இதுல குருவி குடியிருக்கப் போகுதா, பட்டாளமா?" என்று அவர் மனைவி நோரீன் கேட்பாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

இருவரும் காதலித்த காலத்தில் சுற்றிய கார், அறுபத்தெட்டு மாடல் பான்டியாக். எஞ்சின் புகை தள்ளுகிறது என்று நிறுத்தியது, பதினெட்டு வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அந்த ஏப்ரலில் நோரீனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். கோடையைத் தாண்டினால் பெரிது என்றார் டாக்டர். வீடு திரும்பும் வழியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பழைய வண்டியில என்னை ஒரு தடவை ஏரிக்குக் கூட்டிட்டுப் போ வெண்டல். கண்ணாடிய இறக்கி விட்டுட்டு. எனக்கு அது போதும்."

மறுநாளே எஞ்சினைக் கழற்றி, கஸ் ஸைடெக்கின் பட்டறையில் இறக்கினார். கஸ் சிலிண்டரை அளந்து பார்த்தார்.

"நல்லா தேஞ்சிருச்சுப்பா. சிலிண்டரக் குடைஞ்சு ரீபோர் பண்ணி பெரிய சைஸ் பிஸ்டன்தான் போடணும். வார்ப்புல ஒரு செட் இங்கயே கெடக்கு. மூணு வாரத்துல வண்டிய ரோட்டுல விட்ரலாம்."

"போர்ஜிங்?"

"அடிச்சு எடுக்கிற பிஸ்டனா? ஆர்டர் குடுத்துதான் செய்யணும். எட்டு வாரம் ஆகும். அது கைக்கு வந்து ஒவ்வொண்ணா அளந்தப்புறம்தான் சிலிண்டர்ல கை வைப்பேன், உனக்குத் தெரியாததா? யோவ், நீ என்ன ரேஸுக்கா போற? ஏரிக்குப் போற வண்டிக்கு வார்ப்பே தாராளம்."

கஸ் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. வெண்டலுக்கும் அது தெரியும். ஆனால் மூன்று வாரத்துப் பிஸ்டனைக் கையில் எடுத்தால், அவளுக்கு நாள் எண்ணப்பட்டுவிட்டது என்று தானே சொன்னதாகிவிடும். ரொம்ப நாள் ஓடப்போகிற வண்டிக்குத்தானே போர்ஜிங் போடுவார்கள்? அதைப் போட்டால் அவளும் ரொம்ப நாள் இருப்பாள் என்று அந்த மனுஷனின் மனசு கணக்குப் போட்டது. எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! அதற்காக அவரைத் திட்டவும் நமக்கு வாய் வரவில்லை.

"போர்ஜிங்கே சொல்லிடு கஸ்," என்றார்.

சாயங்காலம் சூப் குடித்துக்கொண்டிருந்த நோரீன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எட்டு வாரமா?"

"ரெண்டு லட்சம் மைல் தாங்கும் தெரியுமா? முதல்ல கொஞ்சம் டக்டக்னு சத்தம் போடும், சூடு ஏறினா அடங்கிடும்."

"ஏரி நூத்தி இருபது மைல்தானே, கிழவா."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை நீட்டி அவர் மணிக்கட்டைத் தட்டிக்கொடுத்தாள். "சரி, அதையே போடு. நான் இருக்கேன்," என்றாள்.

ஆறாவது வாரம் அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. ஏழாவது வாரம் வியாழக்கிழமை காலை, அவர் ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டிருந்தபோது அவள் மூச்சு நின்றுவிட்டது. அடுத்த புதன்கிழமை பிஸ்டன் பெட்டி பட்டறைக்கு வந்து சேர்ந்தது. எட்டு பிஸ்டனும் கச்சிதமாக இருந்தன.

வண்டியை விற்றுவிடுவார் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். அவர் விற்கவில்லை. செப்டம்பரில் எஞ்சினை ஏற்றிச் சாவியைத் திருப்பியதும், குளிர்ந்த பிஸ்டன்கள் டக்டக்கென்று தட்டின. சில நிமிடத்தில் சூடு ஏறியது, சத்தம் அடங்கியது.

கஸ்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை. "எப்படி! இனிமே உன் ஆயுசுக்கும் இதைத் திறக்க வேண்டாம்."

"எனக்கு ஒரே ஒரு நாள் ஓடியிருந்தா போதும் கஸ்," என்றார் வெண்டல். "வார்ப்பே தாராளம்னு நீ சொன்னியே."

கஸ் கையிலிருந்த துணியால் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். வெண்டல் எட்டி, பக்கத்து இருக்கையின் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, மேற்கே ஏரிக்குப் போகிற சாலையில் வண்டியைத் திருப்பினார். நூற்றிருபது மைலும் எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.