500 என்ற எண்ணை நம்பி வாங்கிய டயர்

செம்பனை எண்ணெய் ஆலையில் சாமான் வாங்கும் பிரிவில் நான் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. விற்பவர் பேச்சை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

போன ஆண்டு என் காருக்கு ஸ்போர்ட்ஸ் டயர் போட கோலசிலாங்கூரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் இரண்டு வகை காட்டினார். ஒன்றின் பக்கவாட்டில் 500, B என்று இருந்தது. மற்றதில் 220, AA. விலை ஒன்றுதான்.

"220-ஐ எடுங்கலா தங்கச்சி. நம்பர் பெருசா இருந்தா டயர் மெதுவா தேயும், அவ்வளவுதான். ஈர ரோட்டுல பிரேக் போட்டா நிக்குமான்னு எழுத்துதான் சொல்லும். AA முதல் தரம், B அதுக்கு ரெண்டு படி கீழ," என்றார்.

சீக்கிரம் தேய்ந்தால் சீக்கிரம் இவரிடமே திரும்பி வருவேன், அதற்குத்தான் இந்தப் பேச்சு என்று நினைத்தேன். 500-ஐயே மாட்டச் சொன்னேன்.

மறுவாரம் தஞ்சோங் காராங்கில் நல்ல மழை. முன்னால் போன மோட்டார் சைக்கிள் சட்டென்று நின்றது. பிரேக்கை முழுதாக மிதித்து ஓரமாக ஒடித்தேன். கார் வழுக்கிக்கொண்டே போய், ஒரு முன்சக்கரம் வாய்க்கால் கரைக்கு வெளியே தொங்க, நின்றது. பின்சீட்டில் என் மகள் இருந்தாள்.

அதே அண்ணனிடம் போய் 220, AA டயருக்கு மாற்றினேன். அவர் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

இப்போது டயர் வாங்கப் போனால் குனிந்து முதலில் எழுத்தைப் படிக்கிறேன், பிறகுதான் எண்ணை. கடைக்காரர் சொல்வதை இன்றும் சந்தேகப்படுகிறேன். அதோடு நான் நினைப்பதையும்.