சிவக்காத ஆரத்தி

புதுச்சேரி சாரத்தில் எங்கள் தெருவில் என் பெயர் யாருக்கும் தெரியாது. 'கெமிஸ்ட்ரி அக்கா வீடு' என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் நேராக வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். ஹாலில் பாய் விரித்து, சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, ஃபார்முலாக்களை ஒப்பிக்க வைப்பதுதான் என் தொழில். "சி ஏ, ஓ ஹெச் ஹோல் ட்வைஸ்" என்று நான் எடுத்துக்கொடுத்தால், "கால்சியம் ஹைட்ராக்சைடு, நீற்றிய சுண்ணாம்பு!" என்று ஹாலே கத்தும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்பது என் சட்டம். சொல்லத் தெரியாத பிள்ளை மீதி வகுப்பை நின்றுகொண்டே கேட்கும்.

இதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. அப்பா மில் தொழிலாளி. மில்லை மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் பார்த்து என்னை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தார். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் "எங்க பொண்ணு கெமிஸ்ட்ரி" என்று அம்மா ஆரம்பிக்கும்போது, காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்பேன். அந்தக் கர்வம் என் தம்பியின் கல்யாணத்தன்று, முதலியார்பேட்டையில் அம்மா வீட்டு வாசலில், ஊரே பார்க்க இறங்கிப் போனது.

பெண் பாகூர் பக்கத்துக் கிராமம். விவசாயக் குடும்பம். அதிகம் பேசாத பெண். எதைக் கேட்டாலும் முதலில் அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை காலை உழவர்கரையில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் முடிந்தது. எமகண்டம் பிறப்பதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்று அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, காலையிலிருந்தே எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். நானும் அம்மாவும் முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆரத்தி கரைப்பது என் பொறுப்பு.

"கடையில ஒரு சுண்ணாம்பு பாக்கெட் வாங்கியாரச் சொல்லுடி. டப்பாவுல கெடக்கறது பழசு" என்றாள் அம்மா.

"சுண்ணாம்புல என்னம்மா பழசு புதுசு? கால்சியம் ஹைட்ராக்சைடுதான? அது என்ன கெட்டா போவப்போவுது?"

கெமிஸ்ட்ரி என்று நான் வாயெடுத்தால் அந்த வீட்டில் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

டப்பாவின் மூடி எப்போதோ தொலைந்திருந்தது. உள்ளே சுண்ணாம்பு காய்ந்து ஓரமெல்லாம் கட்டியாக ஒட்டியிருந்தது. கத்தியால் சுரண்டி, கரண்டியின் அடியால் நசுக்கித் தூளாக்கினேன். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள்தூள் போட்டு, அந்தத் தூளையும் போட்டு விரலால் கலக்கினேன். தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் தூள் போட்டேன். அது அடியில் போய் மணல் மாதிரி உட்கார்ந்துகொண்டது. சமையலறையில் வெளிச்சம் போதவில்லை, வெளியே போனால் சிவப்பு தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் வாசலில் கார் வந்து நிற்க, அம்மா ஓடிவந்து தாம்பாளத்தை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. அந்த வெயிலில் தண்ணீர் எலுமிச்சம்பழம் மாதிரி பளபளவென்று மஞ்சளாகத் தெரிந்தது.

"என்னடி இது, வெறும் மஞ்சத்தண்ணியா இருக்குது?" என்றார் பெரிய அத்தை.

கூட்டம் எட்டிப் பார்த்தது. யாரோ ஒருத்தி பின்னாலிருந்து, "சுண்ணாம்பு போட்டாங்களா?" என்று கேட்டாள். "போட்டாச்சே" என்றாள் அம்மா. பெரிய அத்தை மோவாயில் கை வைத்துக்கொண்டு, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "எத்தினி பொண்ணுங்களுக்கு இந்த வாசல்ல சுத்தியிருக்கேன். சுண்ணாம்பு போட்டும் செவக்காம இருந்து நான் பாத்ததே இல்ல. வர்றவ காலு எப்பிடியோ, என்னவோ."

நான் பெண்ணைப் பார்த்தேன். மாலை கழுத்தை அழுத்த, குனிந்து தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருதாணி வைத்த அந்தக் கால்களை நிலைப்படியிலிருந்து கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஒரு பெண் ஒரு வீட்டுக்குள் என்ன பெயரோடு நுழைகிறாள் என்பது அந்த நேரத்தில் என் தாம்பாளத்தில் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுண்ணாம்பு நீருக்குள் குழாய் வைத்து ஊதினால் ஏன் பால் மாதிரி ஆகிறது? மூச்சுக் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. வருடா வருடம் பலகையில் எழுதி அடிக்கோடு போடுகிறேன். மூடியில்லாத டப்பாவுக்குள் காற்று அதே வேலையைத்தான் சத்தமில்லாமல் செய்து முடித்திருக்கிறது. நான் சுரண்டி எடுத்தது சுண்ணாம்பே இல்லை. தண்ணீரில் கரையாத வெறும் கல்தூள். அது மஞ்சளை எங்கே சிவக்க வைக்கும்? ஒன்றும் ஒன்றும் சேர்ந்து என்ன ஆகும் என்று ஊர்ப் பிள்ளைகளை ஒப்பிக்க வைக்கிறவள், கையில் வைத்துக்கொண்டு அதைத் தெரிந்துகொள்ளவில்லை. முகம் சுட்டது.

அதோடு நிறுத்தி, சுண்ணாம்பு வாங்கிவர யாரையாவது அனுப்பியிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும். எனக்கோ இன்னும் கெமிஸ்ட்ரி வேலை செய்தது. தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். மஞ்சள் சிவக்க ஒரு காரம் வேண்டும். வீட்டில் என்ன காரம் இருக்கிறது? குளியலறையில் துணி துவைக்கும் சோப்புத்தூள் இருந்தது. ஒரு பிடி அள்ளிப் போட்டேன். போட்ட நொடியில் தண்ணீர் ரத்தச் சிவப்பாக மாறியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கர்வமெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

அம்மாவும் பெரிய அத்தையும் ஆளுக்கொரு பக்கம் தாம்பாளத்தைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார்கள். முதல் சுற்றில் ஓரத்தில் கொஞ்சம் நுரை தெரிந்தது. அடுத்த சுற்றில் வெற்றிலை நுரையில் மிதந்து, அதன் மேல் இருந்த கற்பூரம் புஸ்ஸென்று அணைந்தது. யார் வீட்டுக் குழந்தையோ, "ஐ, சோப்பு வாசன!" என்றது.

பெரிய அத்தை சுற்றுவதை நிறுத்தினார். "மொதல்ல செவக்கல. இப்ப நொரைக்குது. கற்பூரமும் அணைஞ்சிடுச்சு. எனக்கு மனசே சரியில்லப்பா" என்றார்.

பெண்ணின் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. என் தம்பி என்னைப் பார்த்தான். அதற்கு மேல் நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நான் மனுஷியே இல்லை. "பொண்ணு மேல எதுவும் இல்ல அத்த. எல்லாம் என் தப்பு. சுண்ணாம்பு பழசு. காத்துல இருந்து கார்பன் டை ஆக்சைடு சேந்து கார்பனேட் ஆயிடுச்சு. அது மஞ்சள செவக்க வெக்காது" என்று ஆரம்பித்து, பலகை முன்னால் நிற்கிற மாதிரி முழுச் சமன்பாட்டையும் சொல்லி முடித்தேன். ஒரு மண்டையிலும் எதுவும் ஏறவில்லை. நான் பெண்ணைக் காப்பாற்றப் பொய் சொல்வதாகத்தான் பார்த்தார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல், "சோப்புத்தூள நான்தான் அள்ளிப் போட்டேன்" என்றேன்.

அது எல்லோருக்கும் புரிந்தது. முதலில் என் தம்பியின் நண்பர்கள் சிரித்தார்கள், பிறகு பெண் வீட்டார், பிறகு தெருவே சிரித்தது. "எம்மெஸ்சி படிச்சவளுக்கு ஒரு ஆரத்தி கரைக்கத் தெரியல பாரு" என்று பெரிய அத்தையே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சாமி படத்தாண்ட குங்குமம் இருந்துச்சே. ஒரு சிட்டிகை கரைச்சிருந்தா ஆச்சு. உன்ன யாருடி கெமிஸ்ட்ரி பண்ணச் சொன்னது?" என்றாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகப் பெண்ணை உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

கதை எனக்கு முன்னால் சாரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர் ஒருவரின் மகன் என்னிடம்தான் படிக்கிறான். அடுத்த வகுப்பில் அமிலம், காரம் நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து, "மிஸ், ஆரத்திக்கு எந்தப் பவுடர் மிஸ் பெஸ்ட்டு?" என்று கேட்டான். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவனை நிற்க வைக்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பாடத்தை அவசரமாக முடித்துவிட்டு உலோகங்களுக்குப் போய்விட்டேன். காய் வாங்கப் போனாலும் யாராவது சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. அம்மா வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். தீபாவளிக்குப் போனேன், சாப்பிட்டவுடன் கிளம்பிவிட்டேன்.

மார்கழியில் தம்பி வேலை பார்த்த கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். அவன் பெயரும் அதில் போய்விட்டது. பெரிய அத்தை வந்து, "அன்னிக்கே பாத்தேன், ஆரத்தி செவக்கல" என்று ஆரம்பித்திருக்கிறார். "அது என் பொண்ணு கரைச்ச லட்சணம்" என்று அம்மா அங்கேயே வெட்டிவிட்டாளாம். போனில் அம்மா இதைச் சொன்னபோது எனக்குக் காது கூசியது. ஆனால், என் மானம் போனாலும் அந்தப் பெண்ணுக்குக் கெட்ட பெயர் வரவில்லையே என்று ஒரு சமாதானமும் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினேன்.

அதற்கு அடுத்த வாரம், டியூஷன் நடந்துகொண்டிருக்கும்போது தம்பியின் மனைவி தனியாக வந்து நின்றாள். இளைத்திருந்தாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னாலும் கேட்காமல், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணி, அன்னிக்கு நீங்க சுண்ணாம்பு பழசுன்னு சொன்னது நெஜமா? இல்ல, எனக்காவ சொன்னீங்களா?"

"நெஜந்தாம்மா. ஏன், உனக்குச் சந்தேகமா?"

"அவருக்கு வேல போயிடுச்சே. அதான்" என்றாள். "சோப்புப் போடறதுக்கு முன்னாலயே செவக்காமதான இருந்துச்சு. நான் வந்து நின்னப்பறம்தான பாத்தாங்க."

எழுந்து சமையலறைக்குப் போனேன். அந்த டப்பாவை அன்றைக்கு ஆத்திரத்தில் என் பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். தூக்கி எறியவும் மனமில்லாமல் பரணில் கிடந்தது. பக்கத்துக் கடையில் புதுச் சுண்ணாம்பு பாக்கெட் ஒன்று வாங்கிவந்தேன். இரண்டு கண்ணாடி டம்ளரில் மஞ்சள் தண்ணீர் வைத்தேன். இத்தனை வருடம் 'மஞ்சள் காரத்தில் சிவக்கும்' என்று ஒரு மார்க் கேள்வியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்கும் ஒரு தடவைகூடச் செய்து காட்டியதில்லை. பழையதை ஒரு டம்ளரில் போட்டேன். மஞ்சளாகவே நின்றது. பாக்கெட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து இன்னொன்றில் போடப் போனேன்.

"இருங்க அண்ணி. நானே போடறேன்" என்றாள்.

விரல் நுனியில் சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டு, டம்ளருக்கு மேலே கையை வெகுநேரம் வைத்திருந்தாள். அவள் கை பட்டால் சிவக்காது என்று பயப்படுகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலை உள்ளே விட்டாள். விரலைச் சுற்றித் தண்ணீர் சிவந்துகொண்டே போனது.

"கண்ணத் தெறந்து பாரும்மா" என்றேன்.

பார்த்தாள். விரலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப, என்னால இல்லியா அண்ணி?"

"இல்லம்மா."

சத்தம் போட்டு அழுதாள். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டாள்: "இத எனக்கு அன்னிக்கே காட்டியிருக்கலாமே அண்ணி?"

இவ்வளவு நாளும் என்னைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள் என்று மட்டுமே கணக்கு வைத்திருந்தேன். அந்த நுரைக்கும் சிரிப்புக்கும் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தேன்.

"அந்தச் செவப்பக் கொட்டிடாதீங்க அண்ணி" என்றாள் பின்னாலிருந்து. "அவருக்குக் காட்டணும்."